நாலு கட்டைக்கு மேலே

கல்விக் கண்காட்சிக்கு நாங்கள் போனது கணக்கியல் படிப்பைப் பற்றி விசாரிப்பதற்குத்தான். ஜார்ஜ்டவுனில் ஒரு ஹோட்டலின் கீழ்த்தளத்து மண்டபத்தில் வரிசையாக மேசைகள் போட்டிருந்தார்கள். மேசைக்கு ஒரு கல்லூரி. என் மகள் பல்கலைக்கழகத்துக்கு முந்தைய ஆறாம் படிவம் முடித்திருந்தாள். அவளுடைய சான்றிதழ்களை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு நான் வைத்திருந்தேன். கையில் இப்படி எதையாவது பிடித்துக்கொண்டால் எனக்குக் கூட்டத்தில் நிற்பது கொஞ்சம் சுலபம்.

கணக்கியல் மேசைகளில் நல்ல கூட்டம். விசாரித்து முடித்து வெளியே வரும்போது, மண்டபத்தின் கடைசியில், கழிவறைக்குப் போகும் வழியில் ஒரு மேசையில் மட்டும் ஆளே இல்லை. அங்கே உட்கார்ந்திருந்த மலாய்ப் பெண்மணி எங்களைப் பார்த்துச் சிரித்துவிட்டார். சிரித்தவரைக் கடந்து போக எனக்கு வராது. நின்றுவிட்டேன். மேசை மேலே இருந்த அட்டையில், மேடையில் தனியாக நின்று பாடும் ஒரு பெண்ணின் படம் இருந்தது. குரலிசையில் இளங்கலைப் பட்டம் என்று மகள் வாசித்துச் சொன்னாள்.

பாடுவதற்கென்றே நாலு வருடப் படிப்பு இருக்கிறது என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். நான் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவன். தொழிற்சாலை பஸ் ஓட்டுகிறேன். பாகான் டாலாம் பக்கத்தில் ஆட்களை ஏற்றி பத்து காவான் தொழிற்பேட்டையில் இறக்கிவிட்டு, ஷிப்ட் முடிந்ததும் திரும்பக் கொண்டுவந்து விடுவது என் வேலை. பல்கலைக்கழகம் என்றால் மருத்துவம், சட்டம், கணக்கு என்று மட்டும் நினைத்திருந்தேன். அந்தப் பெண்மணி எனக்கும் புரியட்டும் என்று மலாயிலேயே நிதானமாகச் சொன்னார். ஒவ்வொரு மாணவரும் வாரம் ஒருமுறை ஆசிரியருடன் தனியாக உட்கார்ந்து குரலைப் பழக்குவார்களாம். குழுப்பாட்டு எல்லாருக்கும் உண்டு. பாட்டாலேயே கதை சொல்லும் நாடகங்களில் வேஷம் கட்டி நடிக்க வேண்டும். மூன்றாம் வருடத்தில் அரைக் கச்சேரி, கடைசி வருடத்தில் ஒரு முழுக் கச்சேரி தனியாக. குழுவோடு வெளிநாட்டுக்குப் போய்ப் பாடிவிட்டு வருகிறவர்களும் இருக்கிறார்கள். படித்து முடித்தவர்கள் ஆசிரியராகப் போகிறார்கள், மேடைக்குப் போகிறார்கள், சிலர் கார்ட்டூன் படங்களுக்குக் குரல் கொடுக்கிறார்கள்.

மகள் ஒரு கேள்விதான் கேட்டாள். கோயிலில் தமிழ்ப் பாட்டு மட்டும் பாடிப் பழகியவளைச் சேர்த்துக்கொள்வார்களா? குரலைத்தான் கேட்போம், இசை எழுத்தை முதல் வருடத்தில் கற்றுக்கொள்ளலாம் என்றார் அவர். ஆனால் தேர்வு உண்டு. இரண்டு பாட்டு பாட வேண்டும். ஒன்று இத்தாலிய மொழியில், மற்றது அவரவர் விருப்பம். வடக்கு மாநிலப் பிள்ளைகளுக்காக ஜார்ஜ்டவுனுக்கே வந்து தேர்வு வைப்பார்கள்.

காரில் அவள் சான்றிதழ் உறையை என்னிடமிருந்து வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். கொம்தார் தாண்டிய பிறகு, "அப்பா, ஒரு தடவ பாடிப் பாக்கவா?" என்றாள். பாடு என்றேன்.

டத்தோ கிராமாட்டில் எங்கள் வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் என் மனைவியின் அண்ணன் வருவார். ஓர் அலுவலகத்தில் எழுத்து வேலை பார்க்கும் கிராணியாக இருக்கிறார். படித்தவர், நல்ல மனிதர், ஆனால் யாரையாவது சீண்டாமல் அவருக்குச் சோறு இறங்காது.

"பாட்டுக்கு டிகிரியா? கோயில்ல பாடுறதுக்கு இத்தன நாளா யாரும் சர்டிபிகேட் கேக்கலியே லா," என்றார்.

"கேட்டா காட்டலாம்ல மாமா," என்றாள் மகள்.

"காட்டி? கல்யாண வீட்டுல மைக் பிடிக்கவா?"

"அதுக்கும் ஆள் வேணும்ல. உங்க மக கல்யாணத்துக்கு நீங்கதான பாட ஆள் கெடைக்காம அலைஞ்சீங்க."

என் மனைவி சிரிப்பை அடக்கிக்கொண்டு குழம்பு எடுக்க உள்ளே போய்விட்டாள். ஆனால் அவர் போன பிறகு அவளும் கவலையோடுதான் பேசினாள். கணக்கியல் படிக்க, கண்காட்சியில் விசாரித்த ஒரு கல்லூரியில் அதற்குள் இடம் கிடைத்திருந்தது. மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். "பாடிப் பாக்கட்டும். கெடைக்கலன்னா கணக்கு. அப்புறம் மூஞ்சிய தூக்கி வச்சிக்கக் கூடாது," என்றாள். மகள் உடனே தலையாட்டினாள். அவள் ஒத்துக்கொண்ட வேகம்தான் எனக்குப் பயமாக இருந்தது. சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிற பிள்ளை அவள். இடம் கிடைக்கவில்லை என்றால் அடுத்த நாளே கணக்குப் புத்தகத்தைத் திறந்துவிடுவாள். பாட்டைப் பற்றி மறுபடி வாயே திறக்க மாட்டாள்.

அவள் பாடிப் பழகிய இடத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்துக் கோயிலில் வெள்ளிக்கிழமை மாலைகளில் ஒரு குழு தேவாரம் பாடும். ஓர் அக்கா ஆர்மோனியம் வாசிப்பார். ஆர்மோனியத்தில் எந்தக் கட்டையைச் சட்ஜமாக வைத்துக்கொள்கிறோமோ, அதுதான் பாடுகிறவரின் சுருதி. குழுவில் ஆண்களும் உண்டு, வயதான பெண்களும் உண்டு. எல்லாருக்கும் எட்ட வேண்டும் என்பதால் அக்கா நாலு கட்டையில் வைப்பார். அது ஒரு பெண்பிள்ளைக்குத் தாழ்ந்த சுருதி. என் மகள் சின்னப் பிள்ளையாகப் போய் உட்கார்ந்தது அந்த நாலு கட்டையில்தான். வளர்ந்ததும் அதில்தான். அவளுக்குக் கனத்த குரல் என்று எல்லாரும் சொன்னார்கள். அவளும் அப்படியே நம்பினாள். நானும்தான்.

இன்னொன்றும் உண்டு. ஒரே தேவாரத்தை ஒருவர் நாலில் பாடுவார், இன்னொருவர் ஆறில் பாடுவார். யாரும் தப்பென்று சொல்ல மாட்டார்கள். நம் வழக்கத்தில் பாட்டுதான் பாடுகிறவரின் உயரத்துக்கு வந்து நிற்கும். அதனால் அந்த இத்தாலியப் பாட்டையும் அவள் அப்படித்தான் கொண்டுவந்தாள். இணையத்தில் ஓர் அம்மாள் பாடியதைக் கேட்டு மெட்டைப் பிடித்தாள். அந்த அம்மாள் எங்கேயோ உச்சத்தில் பாடினார். அது அவருடைய சுருதி, எனக்கு எதற்கு என்று கைப்பேசியில் சுருதிப் பெட்டியை நாலு கட்டையில் ஓடவிட்டு, கீழே இறக்கி வைத்துக்கொண்டாள். இத்தாலியச் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதி, அவற்றின் கீழே ஸ ரி க ம போட்டிருந்தாள். பியானோ வாசிப்பவருக்கு இசைத்தாள் அனுப்பச் சொல்லியிருந்தார்கள். இணையத்தில் கிடைத்ததை இறக்கி அனுப்பினாள். நானும் அவளும் அதில் ஒரு தவறையும் பார்க்கவில்லை.

என்ன பாட்டம்மா என்று ஒருநாள் கேட்டேன். ஒருத்தி விட்டுப் போய்விட்டாளாம், அவளை நினைத்து ஒருத்தன் புலம்புகிறானாம்.

"அது ஏன் திருப்பித் திருப்பி அதையே சொல்றான்?"

"சோகமா இருந்தா நீங்ககூடத்தான் ஒரே சொல்லத் திருப்பித் திருப்பிச் சொல்வீங்க."

"நான் எங்கம்மா சொல்றேன்? ஒண்ணும் சொல்ல மாட்டேனே."

"ஆமா, அதுவும் உண்மதான்," என்று சொல்லிவிட்டு மறுபடி பாடப் போனாள்.

தேர்வு ஒரு சனிக்கிழமை. இன்னொரு ஓட்டுநரோடு வேலையை மாற்றிக்கொண்டேன். பழைய பங்களா ஒன்றில் நடக்கும் இசைப்பள்ளியில் தேர்வு நடத்த இடம் கேட்டு வாங்கியிருந்தார்கள். பாடப்போகிற இடமாயிற்றே என்று நாங்கள் இருவரும் வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டோம். உள்ளே போன பிறகுதான் மற்ற பிள்ளைகளைப் பார்த்தேன். எல்லாரும் கறுப்பு உடையில், பளபளக்கும் காலணியோடு இருந்தார்கள். திரும்பிப் போய்ப் போட்டுக்கொள்ள இருவருக்குமே வெட்கமாக இருந்தது. பஞ்சாபி உடையும் வெறுங்காலுமாக அவள் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து பாதங்களை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

பியானோ வாசிக்க வந்தவர் ஒரு பெரியவராக இருப்பார் என்று நினைத்தேன். வந்தது ஒரு சீனப் பெண், இருபத்திரண்டு வயது இருக்கலாம். தைப்பிங் ஊர்க்காரி. அந்தப் பல்கலைக்கழகத்திலேயே மூன்றாம் வருடம் படிக்கிறாள். இதுவும் அவர்களுக்குப் படிப்பில் ஒரு பாகமாம், பாடுகிறவர்களுக்கு வாசித்துக் கொடுப்பது. உள்ளே போவதற்கு முன் ஒரு சின்ன அறையில் ஒருமுறை சேர்ந்து பாடிப் பார்க்கலாம் என்றாள். நான் வெளியே நிற்கப் பார்த்தேன். "அங்கிள், வாங்க, நாற்காலி இருக்கு," என்று மலாயில் சொல்லி என்னையும் உள்ளே உட்கார வைத்துவிட்டாள்.

பியானோ முதலில் கொஞ்ச நேரம் தனியாக ஓடியது. பிறகு என் மகள் தன் இடத்தில் பாட்டைத் தொடங்கினாள். இரண்டு வானொலிகளில் இரண்டு நிலையங்களை ஒரே நேரத்தில் வைத்தது போல இருந்தது. அந்தப் பெண் நிறுத்தி, மறுபடி தொடங்கினாள். மறுபடியும் அதே. அப்புறம் கையை மடியில் வைத்துக்கொண்டு, நீ எங்கிருந்து பாடுகிறாய் என்று கேட்டாள். மகள் கைப்பேசியில் சுருதிப் பெட்டியைக் காட்டி விளக்கினாள். அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பு வந்தது. ஏளனமாக இல்லை, புதிய விஷயத்தைக் கேட்ட சிரிப்பு. பிறகு சொன்னாள்: இந்த வகைப் பாட்டில் இடம் தாளிலேயே இருக்கிறது. பாடுகிறவர்தான் அங்கே போக வேண்டும். தாழ்ந்த குரல்களுக்கு வேறு தாள் உண்டு, ஆனால் அனுப்பி வைத்தது உயர்ந்த குரலுக்கான தாள். நீ அதற்கு நாலைந்து சுரம் கீழே பாடிக்கொண்டிருக்கிறாய். இந்த நிமிஷத்தில் அதை மனத்துக்குள்ளேயே இறக்கி வாசிக்க எனக்குத் தெரியாது, முயற்சி செய்தால் இரண்டு பேரும் சேர்ந்து விழுவோம்.

மகள் என் பக்கம் வந்து நின்றாள். குரல் இறங்கிவிட்டது.

"அப்பா, போயிரலாம்ப்பா."

"ஏம்மா?"

"எனக்கு அங்க ஏறாதுப்பா. என் கொரலு அப்படி. ஏறாது."

அவள் அழவில்லை. கணக்குப் படிக்கப் போகிறவளின் முகம் அப்போதே வந்துவிட்டது. அதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. அன்று காலையிலிருந்து அந்தக் கட்டடத்தில் யாரிடமும் ஒரு வார்த்தை பேசாதவன், அந்தப் பெண்ணிடம் மலாயில், எங்களுக்கு முன்னால் இன்னும் எத்தனை பேர் என்று கேட்டேன். இரண்டு பேர் என்றாள். அப்படியானால் அதுவரை கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிப் பாருங்களேன், ஏறவில்லை என்றால் நாங்கள் போய்விடுகிறோம் என்றேன். பிழையான மலாய்தான். அவளுக்குப் புரிந்துவிட்டது.

அவள் மகளின் கைப்பேசியை வாங்கி அணைத்து பியானோ மேல் வைத்தாள். ஜன்னலைப் பார்த்து நிற்கச் சொன்னாள். கட்டைகளைப் பார்க்கக் கூடாது. சொல் எதுவும் வேண்டாம், ஆ என்று ஐந்து சுரம் ஏறி இறங்கினால் போதும். பியானோ ஒரு தடவை வாசிக்கும், மகள் பாடுவாள். ஒவ்வொரு தடவையும் பியானோ ஒரு கட்டை மேலே நகர்ந்தது. ஜன்னலுக்கு வெளியே ஒருவர் காரைப் பின்னால் எடுக்கச் சிரமப்பட்டுக்கொண்டிருந்தார். மகள் அவரையே பார்த்துக்கொண்டு பாடினாள்.

ஓர் இடத்தில் குரல் உடைந்தது. பியானோ காத்திருக்கவில்லை, அடுத்த கட்டைக்குப் போனது. மகள் இந்தத் தடவை அழுத்தாமல், சும்மா தொட்டது போல அந்த இடத்தைக் கடந்தாள். அதற்கு மேலே வந்தது எனக்குத் தெரியாத குரல். கனமே இல்லை. மெலிதாக, ஆனால் தெளிவாக, அறையின் மூலை வரை போய் நின்றது. பத்தொன்பது வருடமாக ஒரே வீட்டில் இருக்கிறோம். அந்தக் குரலை நான் கேட்டதில்லை.

அந்தப் பெண் வாசிப்பதை நிறுத்தினாள். தாளில் இருக்கும் உச்ச இடத்தை நீ தாண்டி இரண்டு கட்டை ஆகிவிட்டது என்றாள். மகள் திரும்பி, முதலில் பியானோவைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். பாட்டை அந்த இடத்தில் வைத்து ஒரு முறை முழுதாகப் பாடிப் பார்க்க மட்டும் நேரம் இருந்தது. அதிலும் நடுவில் சொல் மறந்துவிட்டாள். அதற்குள் கூப்பிட்டுவிட்டார்கள்.

கதவுக்கு வெளியே நின்று கேட்டேன். இத்தாலியப் பாட்டில் ஒருமுறை குரல் பிசகியது. நிறுத்திவிடுவாளோ என்று பயந்தேன், நிறுத்தவில்லை. அடுத்து தேவாரம். பியானோ கிடையாது, சுருதிப் பெட்டியும் கிடையாது. கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் அவள் எடுத்த இடம் நாலு கட்டை இல்லை. அதைவிட மேலே. எத்தனை என்று எனக்குச் சொல்லத் தெரியாது. முடிந்த பிறகு யாரும் கை தட்டவில்லை. கோயிலிலும் தட்ட மாட்டார்கள். ஆனால் இங்கே அது நல்லதுக்கா கெட்டதுக்கா என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தேன்.

திரும்பும் வழியில் ஒரு கடையில் தேத்தண்ணி குடித்தோம். உள்ளே நடந்ததை அவள் அங்கேதான் சொன்னாள். மூன்று பேர் இருந்தார்களாம். விண்ணப்பத்தில் தாழ்ந்த குரல் என்று எழுதியிருக்கிறாயே, யார் சொன்னது என்று ஒருவர் கேட்டாராம். யாரும் சொல்லவில்லை, நாங்கள் எல்லாரும் சேர்ந்து அங்கேதான் பாடுவோம் என்று இவள் சொல்ல, மூவரும் சிரித்துவிட்டார்களாம். அப்புறம் ஏற்றிக்கொண்டே போகச் சொல்லி, போதும் என்கிறவரை பாட வைத்திருக்கிறார்கள். பியானோவில் ஒரு சுரத்தைத் தட்டி, அடுத்து இன்னொன்றைத் தட்டி, இரண்டுக்கும் எவ்வளவு தூரம் என்று கேட்டதற்கு இவள் ஸ, ப என்று சொல்லியிருக்கிறாள். அதை அவர்கள் தங்கள் கணக்கில் மாற்றிப் பார்த்துக்கொண்டார்களாம். ஏன் வெறுங்காலில் வந்தாய் என்றும் கேட்டிருக்கிறார்கள்.

"கெடைக்குமாம்மா?"

"தெரியலப்பா. தேங்க்யூன்னு மட்டும்தான் சொன்னாங்க." தேத்தண்ணியைக் கலக்கிக்கொண்டே இருந்தாள். "அப்பா, அது நெசமாவே என் கொரலா?"

"வேற யாரு பாடுனா? நான் வெளியதான நின்னேன்."

அவள் சிரித்தாள். அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை அவள் வழக்கம் போலக் கோயிலுக்குப் போனாள். ஆர்மோனிய அக்காவிடம் நடந்ததைச் சொல்லியிருக்கிறாள். அக்கா, உனக்கு வேண்டுமானால் சுருதியை ஏற்றி வைக்கட்டுமா என்று கேட்டாராம். வேண்டாம்க்கா, அப்புறம் மத்தவங்கல்லாம் பாட முடியாது என்று சொல்லிவிட்டு நாலு கட்டையிலேயே எல்லாரோடும் பாடிவிட்டு வந்தாள். வீட்டில் மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு மேல் சுரங்களுக்குப் போய்ப் பார்த்துக்கொண்டிருந்தாள். மேல் மாடியில் இருக்கும் சீன அம்மா என்னைப் படியில் பார்த்து, யார் அது புதிதாக என்று கேட்டார்.

பதில் மட்டும் வரவில்லை. மாதக் கடைசி நெருங்கியது. என் மனைவி கணக்கியல் கல்லூரிக்குத் தேவையான புகைப்படத்தை எடுத்துவரச் சொன்னாள். மகள் போய் எடுத்து வந்தாள். மைத்துனர் அந்த ஞாயிற்றுக்கிழமை சீண்டவே இல்லை. அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. மறுநாள் காலையில், இன்னும் இரண்டு நாள் பார்க்கலாம் என்று நான் சொன்னதற்கு, "சொன்னது சொன்னதுதான்ப்பா," என்றாள் மகள். அன்று சாயங்காலமே கல்லூரிக்குச் சரி என்று எழுதிவிடப் போவதாகச் சொன்னாள்.

அன்று மூன்று மணி ஷிப்ட் விட்டு ஆட்கள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். பத்து காவானில் தொழிற்சாலை வாசலில் பஸ்ஸை நிறுத்திக் கதவைத் திறந்து வைத்திருந்தேன். கைப்பேசியில் மகளிடமிருந்து ஒரு குரல் செய்தி. அதை ரகசியமாகக் கேட்கும் வித்தை எனக்கு இன்னும் கைவரவில்லை. அழுத்தினேன், பஸ் முழுதும் கேட்டது.

"அப்பா, கெடச்சிருச்சி. இசை எழுத்த எழுதிப் படிக்கிறதுக்கு மொத செமஸ்டர்ல ஒரு கூடுதல் வகுப்பு இருக்காம். ஆனா கெடச்சிருச்சிப்பா."

ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் எப்போதும் உட்காரும் பாகான் டாலாம் அக்கா படியில் ஒரு காலை வைத்தபடி நின்றுவிட்டார்.

"என்னா தம்பி கெடச்சிருச்சி? வீடா?"

"இல்லக்கா. மகளுக்கு யூனிவர்சிட்டி."

"அட. என்னா படிப்பு?"

"பாட்டு."

"பாட்டா?" என்று என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். விளையாட்டுக்குச் சொல்கிற ஆள் நான் இல்லை என்பது அவருக்குத் தெரியும். உடனே பின்னால் திரும்பி, ஏறியிருந்தவர்களிடம் மலாயில் சொல்லிவிட்டார். டிரைவர் மகள் பாட்டுப் படிக்கப் போகிறாள், யூனிவர்சிட்டியில். ஒரு மலாய்ப் பெண், டிவியில் வருவாளா என்று கேட்டாள். வெளிநாட்டுப் பாட்டா, நம் பாட்டா என்று இன்னொருவர். ஜன்னலோரமாகத் தூங்கத் தயாராக இருந்த நேபாளிப் பையனை எழுப்பி அவனுக்கும் சொன்னார்கள். இத்தனை வருடமாக அவர்களிடம் குட்மார்னிங் என்பதற்குமேல் நான் பேசியதில்லை. அன்றைக்கு ஒவ்வொருவருக்கும் பதில் சொன்னேன். டிவியில் வருவாளா என்று தெரியாது, இரண்டு மாதிரிப் பாட்டும் பாடுவாள், கடைசி வருடத்தில் முழுக் கச்சேரி ஒன்று தனியாக உண்டு என்று கண்காட்சியில் கேட்டதையெல்லாம் சொன்னேன்.

"படிச்சி முடிச்சி என்னாவா வருவா தம்பி?" என்று அக்கா கேட்டார்.

"தெரியாதுக்கா. இப்பதான் அவ கொரலு எங்க இருக்குன்னே தெரிஞ்சிருக்கு. நாலு வருஷம் இருக்குல்ல."

அது பதிலாகுமா என்று எனக்குத் தெரியவில்லை. அக்காவுக்குப் போதுமானதாக இருந்தது போல. கடைசி ஆள் ஏறியதும் கதவைச் சாத்தினேன். பின்னால் இருந்து யாரோ, அந்தக் கச்சேரிக்கு இந்த பஸ்ஸையே எடுத்துக்கொண்டு எல்லாரும் போகலாமா என்று கேட்டார்கள். கம்பெனியில் கேட்டுப் பார்க்கிறேன் என்றேன். உண்மையாகவே கேட்டுப் பார்க்கலாம் என்று நினைத்துக்கொண்டுதான் பஸ்ஸை எடுத்தேன்.